குழியின் ஆழமும் நடைச்சீட்டின் கணக்கும்

வானூர் வட்டம் பூத்துறையில் அனுமதித்த அளவுக்கு மேல் 2,64,644 லாரி செம்மண் வெட்டி எடுக்கப்பட்டது, அதனால் அரசுக்கு 28 கோடியே 36 லட்சம் ரூபாய் இழப்பு. 2012இல் விழுப்புரத்தில் பதிவான ஒரு வழக்கின் சாரம் இது. குற்றச்சாட்டு 2006–2011 ஆட்சிக்காலத்தைப் பற்றியது. அப்போது கனிமத் துறையையும் கவனித்த அமைச்சர் க. பொன்முடி, அவருடைய மகன் கௌதம சிகாமணி உள்ளிட்டோர் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்கள் அதை மறுக்கிறார்கள். 2023 ஜூலையில் இதே வழக்கைப் பிடித்துக்கொண்டு அமலாக்கத்துறை சோதனைக்கு வந்தது. விழுப்புரம் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் அரசுத் தரப்புச் சாட்சிகள் பலர் பிறழ் சாட்சிகளாக மாறினார்கள்.

யார் செய்தார்கள், செய்தார்களா என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த எண் மட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லாரி வீதம் இரவு பகலாகப் போனாலும் 2,64,644 லாரி கடந்து செல்ல இரண்டரை ஆண்டு ஆகும். குற்றச்சாட்டு உண்மை என்றால், அத்தனை லாரியும் ஊர் ரோட்டில், ஊர்க்காரர் கண்முன்னேதான் போயிருக்க வேண்டும். பொய் என்றால், அதைப் பொய் என்று ஒரு வாரத்தில் காட்டிவிடக்கூடிய ஏடு ஏதாவது ஓர் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டும். பத்தாண்டு தாண்டியும் வழக்கு சாட்சிகளின் வாயை நம்பித்தான் நடந்தது. மண் எவ்வளவு போனது என்ற எளிய கேள்விக்கு, மண் போய்க்கொண்டிருந்தபோதே விடை சொல்லும் ஏற்பாடு இந்த மாவட்டத்தில் இருக்கவில்லை என்பதுதான் பூத்துறை வழக்கு கற்றுத்தருகிற முதல் பாடம்.

விழுப்புரத்தைச் சுரங்க மாவட்டம் என்று யாரும் சொல்வதில்லை. நெய்வேலிபோல ஒரே இடத்தில் பெரிய பள்ளம் இங்கே இல்லை. மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னப் பள்ளங்கள்தான் உண்டு. திண்டிவனம், வானூர், விக்கிரவாண்டி வட்டங்களில் கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும். வானூர்ப் பக்கம் செம்மண் மேடுகள். தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் மணல். ஏரிகளில் சவுடும் கிராவலும். குன்னத்தில் வெட்டப்படும் கறுப்பு கிரானைட்டுக்கு வெளிநாட்டுச் சந்தையிலும் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அமைந்ததால் இந்த மாவட்டத்தின் மலையும் மண்ணும் இரண்டு நகரங்களின் கட்டடங்களாகவும் நான்குவழிச் சாலைகளாகவும் மாறுகின்றன. சட்டத்தின் பேச்சில் இவை எல்லாம் ‘சிறுகனிமம்’. 1957ஆம் ஆண்டின் சுரங்கம், கனிமச் சட்டம் தன் 15ஆம் பிரிவில் இவற்றை மாநில அரசிடம் ஒப்படைத்துவிட்டது. தேசிய அளவில் சுரங்கத்தின் வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசுபவர்கள் இரும்பு, நிலக்கரி, பாக்சைட் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். ஜல்லி அவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

அரசு கையில் இருந்தால் போதுமா?

தமிழ்நாடு இந்தச் சிக்கலுக்கு இரண்டு முறை ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறது: தனியாரை விலக்கிவிட்டு அரசே எடுத்துக்கொள்வது. முதல் முறை 1977இல். கறுப்பு கிரானைட் குத்தகை இனித் தனியாருக்கு இல்லை என்று 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளில் 8சி என்ற விதி சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு கனிம நிறுவனமான ‘டாமின்’ உருவானது. விதியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981இல் ஹிந்த் ஸ்டோன் வழக்கில், கனிமம் மக்களின் சொத்து, அதை அரசு தன்னிடம் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. இந்தியச் சுரங்கச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் தவறாமல் படிக்கும் தீர்ப்பு அது. இரண்டாவது முறை 2003 அக்டோபரில். ஆற்று மணல் தனியார் குத்தகையிலிருந்து பொதுப்பணித் துறைக்கு மாறியது. இப்போது நீர்வளத் துறை பார்க்கிறது.

இரண்டு முறையும் நோக்கத்தில் பழுது சொல்ல முடியாது. ஆனால் உரிமை அரசுக்கு வந்ததே தவிர, கணக்கு மக்களுக்கு வரவில்லை. மணலில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. துறை தன் பெயரில் குவாரி நடத்தினாலும், அள்ளுவதும் ஏற்றுவதும் ஒப்பந்ததாரர்கள் வேலையாகவே இருந்தது. 2023இல் அமலாக்கத்துறை மாநிலத்தின் 28 மணல் குவாரிகளைக் கான்பூர் ஐஐடி வல்லுநர்களை வைத்து அளந்தது. அள்ளப்பட்ட மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய், அரசுக்கு வந்த வருவாய் 36.45 கோடி என்று அது சொன்னது. ஒப்பந்ததாரர்கள் மீதான நடவடிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் ரத்து செய்தது. அமலாக்கத்துறைக்கு இதில் அதிகாரம் உண்டா என்பதே அங்கே கேள்வி. ஆற்றில் எவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கு அங்கே விடை தேடப்படவில்லை. மத்திய அரசின் அமைப்பு ஒன்று சொன்னதால் அந்த அளவை அரசியல் பேச்சாகிவிட்டது. கட்சி வேறுபாடு இல்லாத ஒரு சாதாரண ஆண்டு அளவையாக அது மாவட்ட இணையதளத்தில் இருந்திருந்தால், இவ்வளவு கூச்சலுக்கே இடமில்லை.

தென்பெண்ணைக் கரைக்காரர்களுக்கு இது வெறும் வாதம் அல்ல. தளவானூருக்கும் எனதிரிமங்கலத்துக்கும் இடையே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை, 2021 ஜனவரியில், திறந்து சில மாதங்களிலேயே உடைந்தது. அதே ஆண்டு வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் சேதமானது. கட்டுமானம் மோசமா, வெள்ளம் மிஞ்சியதா, ஆற்றுப்படுகை தாழ்ந்து அடித்தளம் அரித்ததா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். படுகையின் குறுக்குவெட்டு மட்டம் ஆண்டுதோறும் அளந்து வெளியிடப்பட்டிருந்தால், அந்த மூன்றாவது கேள்வியையாவது ஒரு மாலைப்பொழுதில் தீர்த்திருக்கலாம். ஒரு பருவத்தில் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மணல் எவ்வளவு என்று பார்த்த பிறகே எவ்வளவு அள்ளலாம் என்று முடிவு செய்ய வேண்டும் என்பதை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016, 2020 வழிகாட்டு நெறிகள் இரண்டும் சொல்கின்றன. அந்த ஆய்வு இல்லாமல் தயாரித்த மாவட்டக் கள ஆய்வறிக்கையை நம்பி அனுமதி தரக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

யூனிட், கன மீட்டர், டன்

கருங்கல் குவாரியில் ஏமாற்று எங்கே நுழைகிறது? இரவு லாரி, போலி நடைச்சீட்டு (லாரி நடைதோறும் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு), ஒரே சீட்டில் இரண்டு நடை என்று எல்லாருக்கும் தெரிந்த வழிகள் உண்டு. அவற்றைவிட அமைதியான வழி ஒன்று இருக்கிறது. குவாரியின் சுரங்கத் திட்டம் கன மீட்டரில் பேசும். லாரிக்காரரும் மேஸ்திரியும் யூனிட்டில் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 2025 ஏப்ரலிலிருந்து அரசுக்குக் கட்டும் தொகை டன்னில் பேசுகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று நேராக மாறுவதில்லை. மலையில் இருக்கும் பாறை ஒரு கன மீட்டர் சுமார் 2.6 டன் எடை. அதையே உடைத்து ஜல்லியாகக் குவித்தால் நடுவில் காற்று புகுந்து ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். எந்த நிலையில் அளந்தது, பாறையாகவா ஜல்லியாகவா என்று சீட்டில் தெளிவாக இல்லாவிட்டால், ஒரே குழிக்கு இரண்டு நேர்மையான கணக்குகளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடும். நேர்மையற்ற கணக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் குவாரியில் அனுமதித்த ஆழத்துக்கு மேல் ஒரே ஒரு மீட்டர் இறங்கினால் 10,000 கன மீட்டர் பாறை வரும். எடை 26,000 டன். ஜல்லியாக விற்றால் ஏறத்தாழ 6,000 யூனிட். நான்கு யூனிட் டிப்பரில் ஏற்றினால் 1,500 நடை. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு மீட்டர் வித்தியாசம் தெரியாது, அதுவும் குழியில் தண்ணீர் நின்றால் சுத்தமாகத் தெரியாது. ஆகவே ரோட்டில் லாரியை மடக்கிச் சீட்டு பார்ப்பது பாதிக் கண்காணிப்புதான். மீதிப் பாதி குழியின் ஆழத்தில் இருக்கிறது.

டன் கணக்குக்குப் போன அந்த 2025 ஏப்ரல் மாற்றம் எப்படி வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. கனிமத்துக்கு வரி போடும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு உடனே கனிமவள நிலங்கள் மீதான வரிச் சட்டம் இயற்றியது. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாநிலம் முழுவதும் கட்டட வேலை முடங்கியது. பேச்சுவார்த்தைக்குப் பின் கருங்கல்லுக்காக அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் தொகை டன்னுக்கு 33 ரூபாய் என்று குறைக்கப்பட்டது. அதே மாதம் காகித நடைச்சீட்டுக்குப் பதிலாக இணையவழிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. டன் கணக்கும் இணையச் சீட்டும் நல்ல மாற்றங்கள்தான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் உரிமையாளர்கள். குவாரியைச் சுற்றியிருக்கும் ஊராட்சிகளுக்கு அதில் நாற்காலி போடவில்லை. இணையச் சீட்டின் தகவல் துறைக்கும் உரிமையாளருக்கும் தெரியும். தன் ஊர்க் குவாரியிலிருந்து நேற்று எத்தனை நடை போனது என்பது ஊராட்சித் தலைவருக்குத் தெரியாது. ட்ரோன் வைத்துக் குவாரிகளை அளக்கும் வேலையும் மாநிலத்தில் தொடங்கிவிட்டது. சர்வே எண் வாரியாக, அனுமதித்த ஆழம் இது, இப்போதைய ஆழம் இது, போன சீட்டு இவ்வளவு என்று மூன்றையும் ஒரே வரியில் வைத்துக் காட்டினால் போதும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். இருக்கிற தகவலை ஒரே பக்கத்தில் கொண்டுவர வேண்டும், அவ்வளவே.

கூட்டமும் தீர்மானமும்

சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் எந்தச் சின்னக் குவாரியும் நடக்கக் கூடாது என்பது 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு. அதற்கு முன் ஐந்து ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் கேட்க ஆளில்லை. பெரிய நிலத்தை ஐந்துக்குக் கீழே துண்டு துண்டாக்கிக் குத்தகை எடுப்பது நாடு முழுவதும் நடந்தது. இப்போது 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கூட்டி, ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிக்கும். ஆட்சியர் அல்லது அவர் அனுப்பும் உயர் அதிகாரி தலைமை ஏற்பார். எல்லாம் வீடியோவில் பதிவாகும்.

ஆனால் திட்ட அறிக்கையின் சுருக்கம்தான் தமிழில் கிடைக்கிறது. வெடியின் அதிர்வு, நிலத்தடி நீர் மட்டம், எத்தனை லாரி எந்த ரோட்டில் போகும் என்ற விவரங்கள் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கைக்குள் புதைந்திருக்கும். கூட்டத்துக்கு வருபவர்கள் கிணறு வற்றியதையும் சுவர் வெடித்ததையும் ஜல்லிப் புழுதி படிந்த மல்லாட்டைச் செடியையும் பற்றிப் பேசுவார்கள். விதிகள் பின்பற்றப்படும் என்று பதில் வரும். எந்த விதி, யார் பார்த்துச் சொல்வார்கள் என்பது அதோடு நின்றுவிடும். பேச்சை எதிர்த்தவர், ஆதரித்தவர் என்று எண்ணும் கூட்டமாக அது சுருங்கிப்போவதற்கு மக்கள் காரணமல்ல.

உண்மையில் கூட்டத்தைவிடப் பயனுள்ள ஒரு கருவி, சுற்றுச்சூழல் அனுமதிக்கு அடிப்படையான 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அனுமதி வாங்கிய ஒவ்வொரு குவாரியும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான அறிக்கை தர வேண்டும். அவை பொது ஆவணங்கள் என்று அறிவிக்கையே சொல்கிறது. படி வைத்து வெட்டியதா, வேலி போட்டதா, மரம் வைத்ததா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூட்டம் ஒரு நாள் கூத்து. அறிக்கையோ குவாரி இருக்கும் வரை வந்துகொண்டே இருக்க வேண்டியது. படி வைத்து வெட்டுவது வெறும் ஏட்டு நிபந்தனை இல்லை என்பதை 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் பார்த்தோம்; ஆழமான குவாரிக்குள் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். விபத்துக்குப் பிறகு அந்த மாவட்டத்துக் குவாரிகளை எல்லாம் ஆய்வு செய்தபோது, பெரும்பாலானவற்றில் விதிமீறல் வெளிவந்தது. ஆய்வுக்கு உயிர்ப்பலி வேண்டியிருந்தது.

கிராம சபைத் தீர்மானம் போட்டால் தடுக்கலாமே என்று கேட்பவர்கள் அரிட்டாபட்டியைச் சொல்வார்கள். 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராம சபைகள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது மக்கள் எழுச்சிக்குக் கிடைத்த வெற்றி. சட்டம் தந்த உரிமை அல்ல. சிறுகனிமக் குத்தகைக்கு முன் கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்ற 1996ஆம் ஆண்டு பெசா சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. திண்டிவனம் பக்கத்து ஊராட்சி ஒன்று ஆண்டுக்கு ஆறு கிராம சபையிலும் தீர்மானம் போட்டாலும், கோப்பில் ஒரு தாள் சேரும். ஊர் ஊராக அரிட்டாபட்டி நடத்த முடியாது.

தொல்லியல் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் பரிதாபம். கீழ்வாலையில் தொல்பழங்காலப் பாறை ஓவியங்கள். பெருமுக்கல் மலையில் கல்வெட்டுகள் நிறைந்த கோயில். திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரங்களுக்காக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் அமைத்த பூங்கா. மூன்றையும் குவாரிகள் நெருங்குகின்றன என்று வரலாற்று ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்காக எழுதுகிறார்கள். சின்னங்களின் எல்லையும் குத்தகையின் எல்லையும் வெவ்வேறு துறைகளின் வரைபடங்களில் இருப்பதால், ஒரு புகார் எழும்போதெல்லாம் தாசில்தார் சங்கிலி போட்டு அளக்க வேண்டியிருக்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்ற விதிக்கும் அதே கதைதான்.

சுரங்கக் கணக்கை வெளிப்படையாக்குவதற்கென உலக அளவில் ஓர் இயக்கம் உண்டு. 2003இல் உருவான பிரித்தெடுப்புத் தொழில் வெளிப்படைத்தன்மை முன்முயற்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன; இந்தியா சேரவில்லை. நிறுவனம் எவ்வளவு கட்டியது, அரசு எவ்வளவு வாங்கியது என்று இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு வெளியிடுவது அதன் அடிப்படை. எண்ணெய்க்கும் தங்கத்துக்கும் ஏற்ற முறை. இந்தியா அதில் சேர்ந்தாலும் மூன்று ஹெக்டேர் ஜல்லிக் குவாரி அதன் வலையில் சிக்காது. நம்முடைய மத்திய அரசு 2016இல் தொடங்கிய செயற்கைக்கோள் கண்காணிப்பும் பெருங்கனிமங்களை நினைத்து ஏற்பட்டதுதான். இரும்புத் தாது ஊழலுக்குப் பின் ஒடிசா, வெட்டும் இடத்திலிருந்து ரயிலடி வரை ஒவ்வொரு டன்னையும் கணினியில் பின்தொடரும் முறையை உருவாக்கியது. அது துறைக்குக் கண் கொடுத்தது, ஊருக்குக் கொடுக்கவில்லை.

ஊருக்கு ஏன் கண் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, என் பார்வையில் அதுவே முதல் காரணம். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில், சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றி மனு மேல் மனு கொடுத்துவந்த ஒருவர் வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்த நிலையில் “தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்பது கொஞ்சம் குரூரமான அறிவுரை. கேட்பவர் பெயரும் முகவரியும் எழுதித்தான் கேட்க வேண்டும். ஊரில் யார் கேட்டார்கள் என்பது மனு போய்ச்சேரும் முன்பே குவாரிக்குப் போய்ச்சேரும் என்ற அச்சம் ஆதாரமற்றது அல்ல. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. நடைச்சீட்டுக் கணக்கும் குழியின் ஆழமும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருந்தால், புகார்தாரர் என்று தனியாக ஒருவர் தேவைப்படமாட்டார். ஊர் முழுக்கப் பார்த்ததற்கு யாரை மிரட்டுவது?

பணத்தின் கதையும் இப்படித்தான். சுரங்கச் சட்டத்தின் 2015 திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளையில், குவாரிக்காரர்கள் கட்டும் ஒரு பங்கு சேர்கிறது. பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே அது போக வேண்டும். 2024இல் திருத்திய மத்திய நெறிகள், குடிநீர், மருத்துவம், கல்வி போன்ற முன்னுரிமைப் பணிகளுக்கு 70 சதவீதம் என்கின்றன. எந்தக் குவாரியால் எந்த ஊர் பாதிப்பு, அந்த ஊருக்கு என்ன செலவு என்ற பட்டியலை ஆண்டறிக்கையில் ஊர்வாரியாகப் போட்டால் போதும். இல்லாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கட்டடமும் ஊருக்கு உடைந்த ரோடும் மிஞ்சும்.

இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவரக்கூடிய ஆவணம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: மாவட்டக் கள ஆய்வறிக்கை. 2016இல் வந்த விதிப்படி ஒவ்வொரு மாவட்டமும் தன் சிறுகனிமங்கள், குத்தகைகள், வருவாய், எடுக்கத் தகுந்த அளவு எல்லாவற்றையும் அதில் எழுதி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இறுதியாக்கும் முன் வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாள் வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். அந்த 21 நாளில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊராட்சிகள் தத்தம் எல்லைக்குள் உள்ள குவாரிகளின் சர்வே எண், அனுமதித்த ஆழம், கைவிட்ட பழைய குழிகள் எத்தனை என்பதை எழுதிக் கொடுத்தால், எழுத்துப்பூர்வமாக வந்த கருத்தைப் பரிசீலித்தே அறிக்கையை முடிக்க வேண்டிய கட்டாயம் மாவட்ட நிர்வாகத்துக்கு வரும். வரைவைத் தமிழில் வெளியிடச் சொல்லி முதலில் எழுத வேண்டியிருக்கும்.